திராட்சைச் சக்கையும் நெய்ப் பொங்கலும்

நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்து நாள் சாராய வாடை அடித்தது. மதுவிலக்கு அமலில் இருந்த எழுபதுகளின் கடைசி. எங்கள் தெருவில் பெரும்பாலும் சைவக் குடும்பங்கள். வாடைக்குக் காரணம் நான்தான் என்பது தெருவுக்குத் தெரிய நாளாயிற்று. அதற்குள் அப்பாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது.

உயிர்வேதியியல் மாணவர்கள் ஒவ்வொருவரும் இரண்டாம் வருடத்தில் ஒரு சிறிய ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தி முருங்கைக் கீரையை எடுத்துக்கொண்டாள். ஒருவன் வைகைத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வந்தான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஆவணி மாதம் என் வகுப்புத் தோழி, மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்த தன் சித்தியைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

அந்த மடத்தில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தை அவர்களே தயாரித்தார்கள். அதற்கு அரசாங்க அனுமதியும் இருந்தது. பன்னீர் திராட்சையை நசுக்கிப் பெரிய பீங்கான் ஜாடிகளில் ஊறவிட்டு, புளித்த பிறகு துணியில் வடிகட்டுவார்கள். துணியில் தங்கிய தோலும் கொட்டையும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கருஞ்சிவப்புக் குவியலாகக் கிடந்தன. ஒரு சிறு முறத்தில் மட்டும் கொஞ்சம் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

தோழியின் சித்தி சிரித்தார். "திருநாள் அன்னிக்கு நெய்ச்சோறும் பலகாரமுமா வெளுத்துக் கட்டுவோம்ல. பெறகு இதப் பொடிச்சு மோர்ல கலக்கிக் குடிப்போம். கொழுப்பு தங்காதும்பாங்க. நெஜமா பொய்யான்னு ஆருக்குத் தெரியும்?"

திரும்பி வருகிற பஸ் முழுக்க எனக்கு அந்தக் கடைசிக் கேள்விதான். மறுநாள் எனக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கொழுப்பு தங்கலைங்கறத எப்படிப் பாப்ப?" என்றார்.

"சாப்பிட்டப்புறம் ரத்தத்துல பாக்கலாம் மேடம்."

ரத்தத்தை எடுத்துச் சிறிது நேரம் உறையவிட்டு மெஷினில் சுற்றினால், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக ஒரு நீர் பிரியும். அதற்குச் சீரம் என்று பெயர். நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் அந்தத் தெளிவு கலங்கி, லேசாகப் பால் கலந்தது போல ஆகும். பிறகு தானாகத் தெளிந்துவிடும். சக்கைப் பொடி குடித்தால் அந்தக் கலங்கல் குறைகிறதா என்று பார்ப்பது என் திட்டம். மேடம் சரி என்றார்.

அடுத்த வாரம் நான் மட்டும் தனியாகப் போய் ஒரு சாக்குச் சக்கையைக் கட்டி எடுத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன். சாக்கு டிரைவருக்குப் பின்னால் கிடந்தது. அரை மணி நேரத்தில் வெயில் ஏற, பஸ் மணக்க ஆரம்பித்தது.

"யாருய்யா அது வண்டிக்குள்ள சரக்க வச்சுக்கிட்டு வாரது?" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் சீட்டில் பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மா, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தன் புருஷனைச் சந்தேகமாக முகர்ந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அது என் சாக்குதான்."

கண்டக்டர் என் இரட்டைச் சடையையும் புத்தகப் பையையும் பார்த்தார். விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார். மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேராகப் போய் ஒரு ஏட்டையாவைக் கூட்டி வந்துவிட்டார்.

என்னை அழைத்துப் போக அப்பா சைக்கிளோடு வந்து நின்றிருந்தார். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. போலீஸ்காரர் பக்கத்தில் மகள் நிற்பதைப் பார்த்து வேகமாக வந்தார்.

ஏட்டையா சாக்கை அவிழ்த்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். "என்னம்மா இது?"

"திராட்சைத் தோல் சார். படிப்புக்கு."

"எம்புட்டுப் படிப்பு படிச்சா இதெல்லாம் தூக்கிட்டு வரச் சொல்லுவாக?"

"எம்.எஸ்ஸி. சார்."

மடத்தில் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினேன். கல்லூரிப் படிப்புக்காகத் திராட்சைச் சக்கை கொடுத்தனுப்பியிருப்பதாக எழுதி முத்திரை குத்தியிருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதத் தின்னா ஏறுமா?" என்றார்.

"ஏறாது சார். வயிறுதான் வலிக்கும்."

"அப்பக் கெளம்பு" என்று சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

அப்பா சாக்கைக் கேரியரில் வைத்துக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். தெருமுனைக்கு வந்ததும், "ஏறுமான்னு கேட்டான் பாரு" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்.

அப்பாவின் பழைய வேட்டியை மாடியில் விரித்துச் சக்கையைக் காயப்போட்டேன். அணில் வந்தது, குளவி வந்தது, ஒரு நாள் மழையும் வந்தது. வாடை நாலு வீடு தாண்டிப் போனது. ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அக்கா எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்று, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீகக்கா. அண்ணனுக்கு ஏதும் கெட்ட பழக்கம் வந்திருச்சா? ஆளு இப்படி உருகிப்போயிட்டாரு. ராத்திரியும் நாலு தடவ லைட்டப் போட்டுட்டுக் கொல்லைக்குப் போறாரு, எங்க ஜன்னல்லருந்து தெரியுது. வாடை வேற அடிக்குது…"

அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அந்த அக்காவை மாடிக்கே இழுத்துப் போய் வேட்டியைக் காட்டினார். மாலையில் அப்பாவிடம் சொன்னபோது, "குடிக்காமலே பேரு வாங்கிட்டேன்" என்று அவர் சிரித்ததோடு விஷயம் முடிந்தது. அப்பா இளைத்துப்போயிருந்தார் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். பேண்டை அம்மா இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தார். அலுவலகத்தில் வேலை அதிகம் என்று அப்பா சொன்னார், நாங்கள் நம்பினோம். எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரிந்தது, உடம்பைப் பற்றியே படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

சக்கை காய்ந்ததும் அரைப்பது பெரும்பாடாகிவிட்டது. எங்கள் பகுதி மாவு மில் எதிலும் வாங்க மறுத்தார்கள். "மொளகா நெடியாச்சும் போயிரும்மா. நாளைக்கு எவனாவது இட்லி மாவுல சரக்கு நாறுதுன்னு வந்து நின்னா?" என்றார் ஒருவர். கடைசியில் அப்பாதான் தன் அலுவலகத்தில் விசாரித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லூரில் மாட்டுத் தீவனம் அரைக்கிற ஒரு மில்லைக் கண்டுபிடித்தார். இருவரும் தரைப்பாலம் வழியாகப் போனோம். குறுகலான சந்துகளில் இரண்டு பக்கமும் தறி ஓடுகிற சத்தம், பேசினால் கேட்காது. பொடி காப்பித்தூள் போலக் கறுப்பாக வந்தது. அப்பா நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

சோதனைக்குக் கொழுப்புள்ள ஒரே மாதிரி சாப்பாடு வேண்டும். நான் வெண்பொங்கல் என்று முடிவு செய்தேன். அம்மா சமைக்க, ஆளுக்கு இவ்வளவு என்று நெய்யை அளவுக்குழாயில் நான் அளந்து ஊற்றினேன். "நெய்ய மருந்து மாதிரி ஊத்துறாளே" என்று அம்மா சலித்துக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஆறு பேர். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு பொங்கலும் மோரும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, நான்கு மணி நேரம் கழித்து ஒரு தடவை. முதல் ஞாயிறு பாதிப் பேருக்கு மோரில் பொடி இருக்கும், மறு ஞாயிறு மற்றவர்களுக்கு.

என் வகுப்பில் மூன்று பேர், கல்லூரி நூலகர், ஆய்வகத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், விடுதிக் காவலாளி என்று ஆறு பேரைச் சேர்த்துவிட்டேன். முதல் ஞாயிறு விடிகாலையில், விடுதிக் காவலாளி காய்ச்சலில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. நான் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் திகைத்து நின்றேன்.

"நான் வாரேன்" என்றார் அப்பா. "ஊசிக்கு நான் பயப்பட மாட்டேன். பொங்கல் வேற இருக்கு."

ஆய்வகத்தில் ஸ்பிரிட் அடுப்பில் கண்ணாடி ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்து கிளினிக்கிலிருந்து வந்த லேப் டெக்னீஷியன் அண்ணன் ஒவ்வொருவருக்காக ரத்தம் எடுத்தார். எல்லோரும் வாழை இலையை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். கத்தரிப்பூ நிற மோரைப் பார்த்து நூலகர் கேலி செய்வதும், அப்பா பதில் சொல்வதும் ஜன்னல் வழியே கேட்டன. ரத்தம் உறைந்ததும் டியூபுகளைச் சுற்றவிட்டேன். மெஷின் நின்றதும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஐந்து டியூபில் தெளிவான மஞ்சள். ஆறாவதில் அரிசி களைந்த தண்ணீர்.

லேபிளைப் பார்த்தேன். ஆறாம் எண். அப்பா.

"டியூப சரியாக் கழுவலையோ தங்கச்சி?" என்றார் டெக்னீஷியன் அண்ணன். நான்தான் கழுவினேன், ஆறையும் ஒன்றாகக் கழுவினேன். வெளியே ஓடினேன். அப்பா பாதிப் பொங்கலைச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"அப்பா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? பால், காப்பி?"

"பச்சத் தண்ணிதாம்மா. ரெண்டு சொம்பு."

"ராத்திரி?"

"மூணு இட்லி. ஒங்கம்மாவக் கேளு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் பெயிலா?" என்றார்.

"சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இலையில் இருந்த பொங்கலைப் பிடுங்கவும் முடியவில்லை, தின்னச் சொல்லவும் மனம் வரவில்லை. அன்று மதியம்வரை மற்றவர்களுடைய ரத்தத்தைச் சுற்றினேன், அளந்தேன், எழுதினேன். கை மட்டும்தான் வேலை செய்தது.

எல்லா டியூபையும் குளிர்சாதனப் பெட்டியில் நிற்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை திறந்து பார்த்தேன். மற்றவர்களின் நான்கு மணி நேர டியூபுகளில் மேலே மெல்லிய ஆடை படிந்து, கீழே தெளிந்திருந்தது. அவர்கள் சாப்பிட்ட நெய்தான் அப்படி மிதந்தது. அப்பாவின் வெறும் வயிற்று டியூப் அடிவரை கலங்கலாகவே நின்றது. அப்படியென்றால் அது சாப்பாட்டில் வந்த கொழுப்பு இல்லை. உடம்பே உள்ளுக்குள் செய்து தள்ளுகிற கொழுப்பு.

மேடம் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குண்டா இருப்பாரா?"

"இல்ல மேடம். இளைச்சுக்கிட்டே வர்றாரு."

"தண்ணி நிறையக் குடிக்கிறாரா?"

குழாயடியும் இரண்டு சொம்புத் தண்ணீரும் நினைவுக்கு வந்தன, தலையாட்டினேன். "நாளைக்கு அவரோட யூரினக் கொண்டு வா. நீயே பாரு" என்றார்.

முதல் வருட மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிற சோதனை அது. நீல நிறக் கரைசலில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறும். மறுநாள், இதுவும் ஆய்வுக்குத்தான் என்று சொல்லி அப்பாவிடம் வாங்கி வந்ததைச் சொட்டு விட்டு, டியூபைக் கிடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினேன். பச்சையில் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. மஞ்சளிலும் நிற்கவில்லை. செங்கல் நிறத்துக்குப் போய் அடியில் படிந்தது. ரத்தத்தில் கொழுப்பை ஏற்றியதும் இந்தச் சர்க்கரைதான். பக்கத்து மேசையில் ஜூனியர் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை அப்பாவின் அலுவலக வாசலிலேயே போய் நின்றேன். வீட்டில் அம்மா முன்னால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு என்ன ஆகும்மா?" என்றார். அப்பா என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாத்திரை இருக்கிறது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் போதும், கொழுப்பும் தன்னால் இறங்கும் என்று தெரிந்ததையெல்லாம் வேகமாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அப்பா என் தலையில் கை வைத்து, "சரி விடு. டாக்டரப் பாப்போம்" என்றார்.

டாக்டரும் சர்க்கரைதான் என்று உறுதி செய்தார். "இன்னுங் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆசுபத்திரில மயக்கமாத்தான் கொண்டாந்து போட்டிருப்பாங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். சோறு அளவானது. நெய் நின்றது. காப்பியில் சர்க்கரை போனது. ராத்திரி கோதுமை தோசை. அம்மா ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசாமல், தன் சமையல்தான் இப்படிச் செய்துவிட்டது என்று நினைத்துக் குமைந்தார். சமையல் மட்டும் காரணமில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

இரண்டாவது ஞாயிறு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். "பாதில விட்டா ஒன் வேல கெட்டுப்போகுமே."

"நீங்க லிஸ்ட்லயே இல்லப்பா" என்றேன். முகம் வாடிவிட்டது. பொங்கலுக்காகவா, எனக்காகவா என்று கேட்கவில்லை.

மிஞ்சிய ஐந்து பேரை வைத்துச் சோதனையை முடித்தேன். பொடி குடித்த அன்று சிலருக்குக் கலங்கல் கொஞ்சம் குறைவாக இருந்தது. சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நூலகருக்கு அதிகமாகவே இருந்தது. காரணம் கேட்டபோது, வழியில் இரண்டு வடை சாப்பிட்டதை ஒத்துக்கொண்டார். இதை வைத்துச் சக்கைப் பொடி நல்லது என்றோ வீண் என்றோ எதுவும் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டு, "ஏம்மா பொங்கல்?" என்று மட்டும் கேட்டார்.

"மதுரையில ஞாயித்துக்கிழமை காலையில வேற எதுக்கும் ஆள் வரமாட்டாங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தை மாதம் அப்பாவுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்துச் சுற்றினேன். தெளிவான மஞ்சள். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் திராட்சைச் சக்கையின் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு நாள் ஒரு டம்ளர் மோரில் குடித்ததுதான். மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான் வேலை செய்தன என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்காவே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பொடி கேட்டு வந்தார். நான் மறுத்ததும், "படிச்ச பிள்ளைக இப்படித்தான் ஒளிச்சு வச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் நடக்கச் சொன்னதால் அப்பா தினமும் காலையில் வைகைக் கரையில் நடந்தார். எனக்குக் கல்யாணமாகும்வரை நானும் கூடவே போனேன். அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கொண்டது அந்தச் சில வருடங்களில்தான். வேலையில் சேர்ந்த புதிதில் தான் செய்த தவறுகள், அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாள், படிக்க ஆசைப்பட்டுப் படிக்க முடியாமல் போனது, எல்லாம் அந்த நடையில்தான் தெரியவந்தது. அவர் ஓய்வு பெற்றார், என் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சினார். கடைசி வருடங்களில் கண் கொஞ்சம் மங்கியது. மற்றபடி நன்றாகவே இருந்தார்.

தெளிந்த டியூபைக் காட்டிய அந்த வருடக் கோடையில், அப்பாவோடு வேலை பார்த்தவர் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்த தன் தோப்பிலிருந்து ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். அம்மா கூடையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வீடு முழுக்க வாசனை. அப்பா தேடிப் போகவில்லை. கூடத்தில் நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நான் போய் ஒரு பழத்தை எடுத்து, ஒரே ஒரு கீற்று நறுக்கித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

"சாப்பிடலாமா?" என்றார்.

"இது மட்டும்."

நாளிதழை மடித்து வைத்துவிட்டு, அந்த ஒரு கீற்றைத் தோலோடு வெகுநேரம் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.